நாற்பது நாற்காலிகள்

கழுதை வண்டியிலிருந்து நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பது இருக்கும். எதிரெதிராக இரண்டு வரிசை போடும்படி ஜலீலா வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது.

அபூனா லூக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகனைக் கொன்றவன் மன்னிப்புக் கேட்க வருகிறான். பெற்றவள் ஊரையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறாள். அலெக்சாந்திரியாவிலிருந்து இந்தக் கல்குவாரி ஊர்க் கோயிலுக்குப் பாதிரியாராக வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இப்படி ஒரு விசுவாசியை அவர் எங்கேயும் கண்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த கொலை அது. கல்லறுக்கும் மிஷினை முதலில் யார் ஓட்டுவது என்று சண்டை. கத்தாஸ் கடப்பாரையால் ஒரு அடி அடித்தான். ஜலீலாவின் இளையவன் பிஷாய் கல் தூசியிலேயே விழுந்து கிடந்தான்.

போலீஸ் வந்து கேட்டபோது, "நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்றாள் ஜலீலா. பார்த்ததாகச் சொல்லவும் ஒருத்தன் வரவில்லை. கத்தாஸை விட்டுவிட்டார்கள்.

துக்கம் கேட்கப் போன அபூனாவையும் அன்றைக்கு அவள் வாசலோடு நிறுத்தினாள். "எதுக்குத் துக்கம்? எம் பையன் இன்னும் சாகலை அபூனா. போயிட்டு வாங்க." கண்ணில் சொட்டு நீர் இல்லை.

அந்தப் பேச்சை வைத்தே மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் இப்படித்தான் வாழவேண்டும், பகைவன் மேல் புகார் சொல்லாத வாயென்றால் இதுதான் என்றார். முன்வரிசைக் குவாரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்தி என்று நினைத்தார்.

மன்னிப்புக் கேட்கப் போகக் கத்தாஸ்தான் லேசில் மசியவில்லை. எட்டு மாதமாக வீட்டுப் படியிறங்காமல் கிடந்தவன் அவன்.

"பெரியவங்க ஜாமீன் நிக்காம எவனும் தன் சவத்துணிய ஏந்திட்டுச் செத்தவன் வீட்டுக்குப் போனதில்ல அபூனா. ஒரு போலீஸாவது கூட வரட்டும்."

"கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் மன்னிக்கிறதுக்குப் போலீஸ் எதுக்குடா? அந்தம்மாவே உன்னை வரச் சொல்லியாச்சு. உன்னைவிட அவங்களுக்கு விசுவாசம் ஜாஸ்தி."

அவன் இடுப்பிலிருந்த துப்பாக்கியை வாங்கிக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டியதும் அவர்தான்.

இன்றைக்குக் கத்தாஸ் வெறுங்காலோடு வந்தான். தனக்குச் சுற்றவேண்டிய சவத்துணியை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். தெருவில் நின்ற ஆண்கள் வழிவிட்டார்கள். நாற்காலியில் ஒருவர்கூட உட்காரவில்லை.

கூடத்துக்குள் வந்து முழங்காலிட்டான். "சின்னம்மா, என் உசிரு உங்க கையில. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி."

ஜலீலா துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். "எந்திரிடா. நீயும் அவனும் ஒரே தட்டுல தின்ன பசங்கதானே. உங்கம்மா எப்படி இருக்கா?"

"கண்ணு தெரியலை சின்னம்மா."

"பாவம். ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கறவ."

அபூனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவன் ரிஸ்கல்லா எங்கம்மா? அண்ணன்காரனும் இவனைக் கட்டிப்பிடிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"இந்த மூஞ்சியக் கூடத்துல பார்த்தா அவனுக்குத் தாங்காது அபூனா. இப்பதான் எந்திரிச்சு வெளிய போனான்." கத்தாஸ் பக்கம் திரும்பினாள். "வந்த தெரு வழியாப் போகாதே. எங்காளுங்க ரத்தம் கொதிச்சு நிக்கறானுங்க. பின்பக்கமா இறங்கிக் கால்வாய்க் கரையோட போயிடு."

கத்தாஸ் நகராமல் அபூனாவைப் பார்த்தான்.

"போடா. பெத்தவளே வழி காட்டுறாங்க. இன்னும் என்ன பயம் உனக்கு?"

பின்கதவு திறந்து மூடியது. ஜலீலா காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அபூனா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சந்தோஷத்துல சர்க்கரை போட மறந்துட்டீங்க போல."

"மறக்கலை அபூனா. இன்னைக்குக் காப்பி இப்படித்தான்."

சாவு வீட்டில்தான் சர்க்கரை போடாத காப்பி தருவார்கள். பெரியவன் எந்தப் பக்கமாகப் போனான் என்று கேட்க அவர் வாயெடுத்தார். கால்வாய்ப் பக்கம் ஒரு வெடி கேட்டது. அவர் எழுந்திருப்பதற்குள் இன்னொன்று. காப்பி அங்கியில் கொட்டியது தெரியாமல் ஆள் கூப்பிட வாசலுக்கு ஓடினார்.

பின்னாலேயே ஜலீலா வந்தாள். இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டாள். எட்டு மாதம் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்த ஒப்பாரி தெருவைப் பிளந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

ஒரு மூச்சு நிறுத்தி, முதல் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க அபூனா. இப்பக் கேளுங்க துக்கம்."