சாவிக்குச் சொந்தக்காரர்

“பூட்டினவனுக்குத்தான் நித்திரை எண்டோ, பூட்டினவனுக்கு நித்திரை இல்லை எண்டோ எங்கடை ஐயா ஒண்டு சொல்லுவார். சரியா ஞாபகம் இல்லை. அதை விடு. சாவி ஆரிட்டையோ, கார் அவன்ரை. சரியோ?”

கனடாவிலிருந்து வந்திருந்த பரமலிங்கம், சுன்னாகத்துச் சாவிக்கடை மேசையில் ஒரு சாவியை வைத்தார்.

கடைக்கார றமேஸ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வாசலில் நின்ற மொறிஸ் மைனர் காரின் சாவி போடும் சுவிச்சில் பொறித்திருந்த எண்ணைப் படமெடுத்து, ‘இந்த எண் சாவி ஆரிட்டையும் இருக்கோ?’ என்று பேஸ்புக்கில் போட்டவன் அவன்தான். பழைய கார்களுக்கு அப்படித்தான் சாவி தேடுவான்.

சாவியிலும் அதே எண்.

“முப்பது வருசமா வைச்சிருக்கிறியளோ, அண்ணை?”

“தொண்ணூற்றஞ்சில சண்டைக்கு ஊரே இடம்பெயர்ந்தது. காரில சொட்டு எண்ணெய் இல்லை. கோப்பாய் வீட்டில விட்டுப் பூட்டிப்போட்டு, மனுசி பிள்ளையளை மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போனனான். சாவியை மட்டும் மறக்கேல்லை.”

“வீட்டில வேற ஒருத்தரும் நிக்கேல்லையோ?”

“ஒருத்தரும் இல்லை. அதுதானே கள்ளனுக்கு வசதியாப் போச்சு. வரட்டும் உந்தக் கார்க்காரன். சட்டையில பிடிச்சுக் கேக்கிறன்.”

“அண்ணை, அந்தப் பெடியன் இந்தக் காரைக் கலியாணங்களுக்கு ஓடித்தான் சீவிக்கிறான்.”

“களவெடுத்த காரிலயோ மாப்பிள்ளை ஊர்வலம்? நல்ல சகுனம்!”

சொல்லி வாய் மூடவில்லை, கார்க்காரத் தனோஜன் வந்துவிட்டான்.

“றமேஸ் அண்ணை, சாவி கிடைச்சிட்டுதாமே? இனி வயரை முட்டவைச்சு ஸ்ராட் பண்ணத் தேவையில்லை. பொம்பிளை வீட்டுக்காரர் முழுசிப் பாக்கினம்.”

“தம்பி, இந்தக் கார் உமக்கு எப்பிடி வந்தது?” பரமலிங்கம் எழும்பினார்.

“அப்பா கொண்டு வந்தவர், ஐயா.”

“கொண்டு வந்தவரோ, களவெடுத்தவரோ?”

தனோஜன் கோபப்படவில்லை. பலர் கேட்ட கேள்வி போலிருந்தது.

“கதவை உடைச்சுத்தான் எடுத்தவர். இடப்பெயர்வுக்க அம்மாவாலை நடக்கேலாமல் கோப்பாயில ஒரு வீட்டு வாசலில இருந்திட்டா. வயித்தில நான். உள்ளையிருந்து ஒரு வயசான மனுசி கூப்பிட்டவ. ஞானாம்பிகை எண்டு பேர். ‘மகன் சாவியைக் கொண்டு போயிட்டான். உடைச்சு எடு, அந்தப் பிள்ளையை ஏத்து’ எண்டவ.”

“பெற்றோலுக்கு?” றமேஸ்தான் கேட்டான்.

“அவவின்ரை அடுப்படியில மண்ணெண்ணெய் இருந்தது. அந்த நாளையில எல்லாரும் ஓடின மாதிரி அதை விட்டுத்தான் ஓடினது. அப்பா அவவையும் தூக்கி ஏத்திக்கொண்டுதான் வந்தவர்.”

பரமலிங்கம் கதிரையில் அமர்ந்தார்.

“கொடிகாமத்தில எங்களோடைதான் இருந்தவ. மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்குப் போய் நிண்டிட்டு வருவாவாம். தைப்பொங்கலுக்கு முதல் மோசம் போயிட்டா. அப்பாதான் கொள்ளி வைச்சவர்.”

றமேஸ் பரமலிங்கத்தைப் பார்க்காமல், ஒரு அரத்தை எடுத்துத் துடைத்தான்.

“அவவின்ரை மகன் எப்பவாவது வந்தால் ஒரு கதையும் இல்லாமல் காரைக் குடுத்துப்போடு எண்டு சொல்லிப்போட்டுத்தான் அப்பா கண்ணை மூடினவர். எனக்கு இதைவிட்டால் வேற தொழில் இல்லை. எண்டாலும் குடுப்பன்.”

தனோஜன் மேசையில் கிடந்த சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஐயா, நீங்கள்தானோ அந்த மகன்?”

“இல்லைத் தம்பி,” என்றார் பரமலிங்கம். “நான் பழைய சாவி விக்க வந்தனான்.”