இடி வாங்கிய பெட்டி

மேஜைமேல் கருகிக் கிடந்த பெட்டியை, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார் மில் முதலாளி காளிராஜ். எதிரே நின்ற தேவநேசனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

பெட்டியைச் செய்து மாட்டியவன் தேவநேசன்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தான். லயனில் மின்சாரம் திடீரென்று எகிறி வந்தால் அதைத் தன் தலையில் வாங்கி, எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடும் பெட்டி அது.

ராஜபாளையத்தில் அவன் விற்ற முதல் பெட்டி இது. காளிராஜ் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மற்ற மில்காரர்களும் வாங்குவார்கள். சொல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் பலசரக்குக் கடையில் போய்ப் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

நேற்றுச் சாயங்காலம் ஐப்பசி மழையோடு இறங்கிய இடி, மில்லுக்குப் பின்னால் போகும் லயனில் விழுந்தது. பெட்டி கருகிப்போனது. உள்ளே, நூலைக் கோனில் சுற்றும் வெளிநாட்டு மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை.

காளிராஜ் எங்கோ பழசாக வாங்கி வந்த மெஷின் அது. மில்லில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஏசி அறை உண்டு, துடைத்துவிட ஆள் உண்டு, வேலை செய்கிற வழக்கம் மட்டும் கிடையாது. அதை இன்ஷூர் பண்ணப் போனபோது, பெட்டி மாட்டினால்தான் ஆயிற்று என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் தேவநேசனைக் காளிராஜ் கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

இன்று காலையில் இன்ஷூரன்ஸ் ஆளும் மதுரையிலிருந்து வந்து, சேதம் ஒன்றும் இல்லை என்று பார்த்து, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“ஒரு இடிக்குத் தாங்கலையே உம்ம பெட்டி” என்றார் காளிராஜ்.

அப்பா கட்டிவைத்த மில்லில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கரண்டைப் பற்றி வேறென்ன தெரியும் என்று தேவநேசன் நினைத்துக்கொண்டான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான்.

“மொதலாளி, பெட்டி செத்ததாலதான் மெஷின் பொழைச்சுக் கெடக்கு. அது எரியுறதுக்குன்னே செஞ்ச பெட்டி.”

“வெளங்குது. எரியுறதுக்குன்னு ஒண்ணைச் செஞ்சு என் தலையில கட்டிட்டீரு. அதை நான் நாலு மில்லுல போயி நல்ல பெட்டின்னு வேற சொல்லணுமாக்கும்.”

இந்த ஆளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று தேவநேசனுக்குப் பட்டது. ஆனாலும் காரியம் ஆகவேண்டுமே. மலைப்பக்கம் இடி உருண்டதுமே சுவிட்சை இறக்கிவிடுவதுதான் இங்குள்ள மில்களில் வழக்கம். நேற்று மாப்பிள்ளையின் சுவிட்சை இறக்க வேண்டாம், ஓடட்டும் என்று காளிராஜே சொன்னாராம். பெட்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர் இப்படிப் பேசலாமா என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தான்.

காளிராஜ் பெட்டியை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். இது ஒன்றுக்கும் ஆகாத சரக்கு என்று நாளைக்கே எல்லா மில்லுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

தேவநேசனுக்குக் கண்முன்னே மாமனாரின் தராசு ஆடியது. இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்து விட்டான்.

போன வாரம் சேத்தூருக்குப் போகிற வழியில் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தானாம். பெட்டியின் எர்த் ஒயரை யாரோ கழற்றி, நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தார்களாம். எர்த் இல்லாவிட்டால் அது வெறும் தகர டப்பா. யாரிடமும் சொல்லாமல், தன் கையாலேயே ஒயரை மாட்டி முறுக்கிவிட்டுப் போனானாம்.

வாசலை ஒட்டி நின்றிருந்த மில் எலெக்ட்ரீஷியன் ஐயாதுரை தலையைக் குனிந்துகொண்டான். தேவநேசன் அவன் பக்கம் திரும்பினான்.

“ஏலே ஐயாதுரை, ஐடிஐயில ஒனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாவளா? எர்த்தைக் கழட்டிப்புட்டு டேப்பு வேற. அம்புட்டு அக்கறை.”

ஐயாதுரை முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தான்.

“மாட்டுனது நீருதானா?” என்று கேட்டார் காளிராஜ். குரல் இறங்கியிருந்தது.

ஆள் வழிக்கு வருகிறார் என்று தேவநேசனுக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சாட்சாத் நானேதான் என்றான். காளிராஜ் கையைக் காட்ட, ஐயாதுரை வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

“இந்த மாதிரி அரைகுறைகள மொதல்ல வேலைய விட்டுத் தூக்குங்க மொதலாளி” என்றான் தேவநேசன். “நான் மட்டும் ஒயரை மாட்டலைன்னா நேத்து உங்க மெஷின் சாம்பலு.”

காளிராஜ் அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“அது சாம்பலாகணும்னுதானய்யா ஒயரையே கழட்டச் சொன்னேன்.”