எட்டு வேளை மருந்து

ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது ஒரு மருந்துப் பாட்டில் கிடைத்தது. கண்ணாடியில் அச்சின் ஒட்டுக்கோடு வாய்வரை போகாமல் கழுத்துக்குக் கீழேயே நின்றிருந்தது. அப்படியிருந்தால் வயது நூறுக்கு மேல் என்று செல்போனில் தேடிப் படித்தேன். இருமல் மருந்து என்று கண்ணாடியிலேயே எழுதியிருந்தது; மேல்கோடு வரை மருந்தும் இருந்தது. பக்கவாட்டில் எட்டு வேளைக்கு எட்டுக் கோடுகள் புடைத்திருந்தன. கார்க்கின் மேல் அரக்கு உடையவில்லை.

கழுவி ஜன்னலில் வைத்தேன். தினமும் காலையில் மருந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. அரக்கு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் என் கணவர் ஜெபசுந்தர் பயந்துவிட்டார். "ஞானஜோதி, அதக் குழியிலயே போட்டு மூடிருவோம்."

"முப்பது வருசம் நர்ஸு வேல பாத்திருக்கேன். மருந்தப் பாதியில நிறுத்த விடமாட்டேன்."

"யாரு குடிக்காகன்னே தெரியலயே."

"இருமல் உள்ளவுகதான் குடிப்பாக."

ஒன்பதாம் நாள் காலை பாட்டில் ஜன்னலில் இல்லை. பின்வாசல் படியில் காலியாக, கழுவி வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வருகிறவர்கள் இப்படித்தான் வீட்டிலிருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருவார்கள்.

அதன் பின்னால், குழிவரைக்கும், இன்னும் பதினோரு பாட்டில்கள் நின்றன. எல்லாம் ஒரே அச்சு. எல்லாம் கழுவியவை. அவற்றை நாங்கள் தோண்டி எடுக்கவில்லை.

ஜெபசுந்தர் கதவைச் சாத்தப் போனார். நான் அவர் கையை எடுத்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போகச் செருப்பை மாட்டினேன்.

"தள்ளாம வரிசையில நில்லுங்க," என்றேன், குழிப்பக்கம் பார்த்து. "எல்லாருக்கும் உண்டு."