கடலுக்குக் கூவினால்

“கடல் பதில் சொல்லுமா நானா?” என்று தேயிலைத் தோட்டத் தொழிலாளி மூக்கனின் மகள் ஒருநாள் கடைக்கார ஜமால்தீனிடம் கேட்டாள்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ராடார் அலை கடலில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கடலலையின் வேகத்தை அளப்பதாக அவர் பத்திரிகையில் வாசித்திருந்தார். “மலையில கூவினா திரும்பி வருதுல்ல, அப்படித்தான் புள்ள” என்றார். இன்று, இலங்கை மலைநாட்டு ஹட்டனில் இருக்கும் அதே கடையில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுவிட்டதாக ரேடியோ சொல்கிறது. முந்தாநாள்தான் மூக்கன் அந்த வழியாகத் தமிழ்நாட்டிலுள்ள சொந்த ஊருக்குக் கப்பலேறினான். அவன் மனைவி சண்முகவடிவு நனைந்த சேலையோடு அசையாமல் நிற்கிறாள். “அலைய அளக்குறவங்க அவருகிட்ட சொல்லலியா நானா?” என்கிறாள். போன மழைக்காலத்தில், காய்ச்சலில் நடுங்கிய ஜமால்தீனுக்குத் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு நனைந்தபடியே தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போனவன் மூக்கன். இப்போது அவர் தம் சால்வையைக் கழற்றி, கை படாமல் அவள் தோளில் போர்த்துகிறார். எல்லோர் கண்ணும் ரேடியோவில் இருக்கிறது. தோளில் சால்வை விழுந்தது அவளுக்கே தெரியவில்லை.