துண்டுக்கு அடியில்

கருமாதிப் பந்தலில் பெரியப்பாவின் படத்தைப் பார்த்ததும் தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறவியிலேயே மூன்று விரலோடு இருந்த வலது கைக்கு ஸ்டுடியோக்காரன் ஐந்து விரல் வைத்திருந்தான்.

"நாந்தான் சொன்னேன். நாலு பேர் வர்ற இடம், லட்சணமா இருக்கட்டுமே" என்றார் அப்பா.

"சந்தைக்கு ஓட்டுற மாட்டுக்குக் கொம்பு சீவுற மாதிரி அவரையும் சீவிட்டீங்களாக்கும்? உங்க யார் தயவும் இல்லாம, தனியாப் பொங்கித் தின்னு, கடைசிவரைக்கும் அந்தக் கையாலதானேப்பா மாட்டுத் தரகு பார்த்தாரு!"

சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இல்லாத விரல்களுக்குப் பதிலாகப் பெரியப்பா எதிராளியின் உள்ளங்கையில் கிள்ளுவார். அந்தக் கிள்ளு வாங்காத வியாபாரி அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

தமயந்தி கொடியில் கிடந்த அவருடைய துண்டை உருவி வந்து, படத்தில் அந்தக் கை மறையும்படி தொங்கவிட்டாள்.

"எடுடி அதை, அசிங்கமா இருக்கு" என்று அப்பா பாய்ந்தார்.

அதற்குள் மாட்டு வியாபாரி பேச்சிமுத்து மாலையோடு வந்துவிட்டார். படத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், மாலையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டார். விலை பேசுவதுபோலத் துண்டு அசைந்தது.

"ம்ஹூம், இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுண்ணே" என்று கையை வெடுக்கென்று இழுத்து, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.