நாலுக்கு நாலு

பேகம்பூரில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே கொத்தனார் சோலைமலைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

கடைக்கு போர்டு இல்லை. விற்பதற்கு இருந்தவை மூன்றே மூன்று மேசைகள். மூன்றிலும் பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. எவனுடைய பட்டறைப் பெயரையோ மறைக்க அடித்த பெயிண்ட் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய அவர் தயார்.

"வாங்கண்ணே. டைல்ஸ் வெட்டுற மேசதானே?"

எழுந்து வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் அமலராணி என்றாள். பேசும்போதே அவள் கண் தெருப்பக்கம் போய்ப் போய் வந்தது.

திருட்டுச் சாமான்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சோலைமலைக்கு அவசரம். ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "எங்க வீட்டு ஹால்ல குனிஞ்சா மொகம் தெரியும்" என்று தரகரிடம் வேறு அளந்துவிட்டிருந்தார். இன்று வியாழன். ஹாலில் இன்னும் ஒரு டைல்ஸ்கூட ஒட்டியபாடில்லை. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸையே ஊரார் நின்று பார்த்துவிட்டுப் போகும் இரண்டாயிரத்து ஏழாம் வருடத்தில், அவர் வீட்டில் இறங்கியிருந்தவை நாலுக்கு நாலு. ஒன்றைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

முதல் மேசையை உள்ளங்கையால் அழுத்தினார். அது நாலு காலாலும் நடனம் ஆடியது.

"இது இட்லிக் கடைக்குத்தான் ஆகும் தாயி."

இரண்டாவது, காலை மடக்கி வைக்கும் இரும்பு மேசை. நடுவில் தட்டினால் தகடு கடகடவென்றது. "மெஷினு கடைசி அரையடிக்கு வரும்போது இது அதிரும். டைல்ஸ் படக்குன்னு வாய் பொளந்துரும்."

மூன்றாவதுதான் பெரியது. மேலே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. சோலைமலை செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி, காலை மடக்கிப் படுத்து, இப்படியும் அப்படியும் புரண்டு பார்த்தார். எண்பது கிலோவுக்கு மேசை முனகவே இல்லை. அமலராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இறங்கி வந்து சாணால் அளந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "நாலு வெரல் கொறையுதே!"

"இம்புட்டுப் பெருசே பத்தாதாண்ணே? ஒரு வாரமா வந்த கொத்தனாருங்க எல்லாம், இதென்ன கல்யாணப் பந்திக்கான்னு கேலி பண்ணிட்டுப் போனாங்க."

"அவனுகளுக்கு என்ன தெரியும்? மூலை வெளிய தொங்குச்சுன்னா அதோட கனமே அத ஒடச்சிரும். நேத்து தரையில வச்சு வெட்டப் போயி ரெண்டு போச்சு தாயி. வயிறு எரியுது."

"அய்யய்யோ, ரெண்டா!" அவள் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. "மிச்சம் எத்தன இருக்கு?"

"இருவது. இன்னும் ஒண்ணு போனாலும் ஹாலுக்குப் பத்தாது."

"ஏசுவே, அதாச்சும் ஒடையாம இருக்கணும்!"

யாருடைய டைல்ஸுக்கோ இவள் இப்படி உருகுகிறாளே என்று சோலைமலைக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் விலை என்று வந்தபோது அவர் இளகவில்லை.

"பில்லு உண்டா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

நினைத்தது சரிதான். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நாளைக்கு போலீசு வந்து நின்னா நான் என்ன சொல்றது? உன்னைய ஒண்ணும் சொல்லல தாயி. ஆனா மனுசன்னா கை சுத்தமா இருக்கணும். அடுத்தவன் சாமான வச்சுக்கிட்டு நிம்மதியா சோறு எறங்குமா, சொல்லு?"

அமலராணி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்களே ஒரு வெல சொல்லுங்கண்ணே."

சோலைமலை பாதி விலை சொன்னார். அவள் முணுமுணுக்காமல் தலையாட்டினாள். கால் விலை சொல்லியிருக்கலாமோ என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. குறைகிற நாலு விரலுக்குப் பலகை வைத்துக் கட்டிக்கொள்ளலாம், அது அவருக்கு அரை மணி நேர வேலை.

"வண்டியும் நம்மளோடதுதான், வாடக வேணாம். வீடு எங்கண்ணே?"

சோலைமலை உற்சாகமாகத் தெருப்பெயர், வாசலில் நிற்கும் வேப்பமரம், பச்சைக் கேட் என்று எல்லாவற்றையும் அடையாளம் சொன்னார்.

அமலராணி செல்போனில் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் குட்டியானை வண்டி வந்து நின்றது. திடகாத்திரமான இரண்டு ஆட்கள் குதித்து இறங்கி மேசையை அலுங்காமல் ஏற்றினார்கள். சோலைமலையையும் கைகொடுத்து ஏற்றி, நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மரியாதை அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

கொட்டகையைப் பூட்டிவிட்டு அமலராணியும் வந்து முன்னால் ஏறினாள்.

"நீ எதுக்கு தாயி வெயில்ல அலையுற? மேசய எறக்க இவங்க ரெண்டு பேரு பத்தாதா?"

"மேசய எறக்க ஏட்டய்யா ரெண்டு பேரும் போதும்ண்ணே. எங்க புது வீட்டுல இருந்து நீங்க தூக்கிட்டுப் போன டைல்ஸுல, மிச்சம் இருக்குற இருவதையும் ஒடையாம ஏத்தணும்ல?"