பழைய கம்பத்தின் சத்தம்

தம்பிக்குப் பார்வை கிடையாது. பிசியோதெரபிஸ்ட்டான அவன் தினமும் காலையில் தனியாகவே சாலையைக் கடந்து எதிரிலிருக்கும் மருத்துவமனைக்குப் போவான். சிக்னல் கம்பம் மெதுவாக டிக் டிக்கென்றால் நிற்பான். வேகமாக அடித்தால் நடப்பான்.

அவனோடு தங்க வந்த அக்கா முதல் நாளே பதறிப்போனாள். அங்கே கம்பமே இல்லை. லாரி மோதி எப்போதோ சாய்ந்துவிட்டது என்றார் பேப்பர் கடைக்காரர்.

"அப்புறம் எதைக் கேட்டுடா இத்தனை நாளா கடந்தே?"

"டிக் டிக்னு அடிக்குதேக்கா. உன் காதை என்ன வாடகைக்கு விட்டுட்டியா?"

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் காலெடுத்து வைத்தபோதெல்லாம் சாலை காலியாகவே இருந்தது. இருந்தாலும் தனக்குக் கேட்காத சத்தத்தை நம்பி அவனை விட அவளுக்கு மனமில்லை.

நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஒருவழியாகப் புதுக் கம்பம் வந்தது. மறுநாள் காலை அக்காவும் தம்பியும் சாலையோரம் நின்றார்கள். பச்சை விழுந்தது. கம்பம் வேகமாக அடித்தது. இந்த முறை அவளுக்கும் கேட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் நின்றவர்கள் இறங்கி நடந்தார்கள்.

"வாடா, போலாம்."

அவன் அசையவில்லை. "பழசும் அடிக்குதுக்கா."

"என்னன்னு?"

"நில்லுன்னு."

கையைப் பிடித்து இழுக்கத்தான் நினைத்தாள். அவள் காலும் எழவில்லை.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!" என்று தன்னை அறியாமல் கத்தினாள்.

நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.